மோகனூருக்குப் போன முட்டை வண்டி

கல்லூரிக்கு விடுமுறை என்று அறிவித்த மதியம் எங்கள் விடுதி கல்யாண வீடு மாதிரி இருந்தது. மறுவாரம் செய்முறைத் தேர்வு வைத்திருந்தார்கள். அது தள்ளிப்போன சந்தோஷத்தில் கிருமியைப் பற்றி யாருக்கும் நினைப்பே இல்லை. நான் அப்போது சேலத்தில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, கோழிப்பண்ணைக்குள்ளேயே இருக்கிறது. என் அறைத்தோழி மோகனூர்க்காரி. அவர்களுக்குக் கரும்பும் வாழையும். இரண்டு பேருக்கும் ஒரே பஸ்தான். நான் பாதியில் இறங்கிக்கொள்வேன், அவள் நாமக்கல் போய் வேறு பஸ் மாறுவாள்.

அன்றைக்கு வழியெல்லாம் அவள் எங்கள் வார்டனைப் போலப் பேசிக்காட்டிக்கொண்டே வந்தாள். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், உண்மையிலேயே வார்டன்தான் கூட வருகிறார் என்று எண்ணி எட்டிப் பார்த்தார். எங்கள் மாடி முழுக்க அவள் குரல்தான் கேட்கும். காலையில் அவள் பாட்டுச் சத்தத்துக்குத்தான் நாங்கள் எழுவோம், மெஸ்ஸில் உப்புமா என்ற கெட்ட செய்தியையும் அவள்தான் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். நான் இறங்கியதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கையாட்டினாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வீட்டில் முட்டைகள் காத்திருந்தன. கோழி தின்றால் நோய் வரும் என்று எவரோ கிளப்பிவிட்ட புரளியில் விலை தரைக்கு வந்திருந்தது. லாரிகள் நின்றுவிட்டன. கோழிகளுக்கு ஊரடங்கு என்றால் என்னவென்று தெரியாது. அவை பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருந்தன. கிடங்கில் அட்டை அட்டையாக முட்டை ஏறிக்கொண்டே போனது. அம்மா முட்டைக் குழம்பு வைத்தார், முட்டைப் பொரியல் செய்தார், தோசை மேல் முட்டை ஊற்றினார், கடைசியில் குக்கரில் கேக் வரைக்கும் போய்விட்டார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அப்பா தட்டைப் பார்த்துவிட்டு மோர் கேட்பார்.

நான் கெட்டுப்போனது மெதுவாகத்தான். முதலில் ஒரு மணி நேரம் தாமதமாகத் தூங்கினேன். பிறகு நடுச்சாமம் ஆனது. பிறகு விடிகிற நேரத்தில் படுத்து மதியம் எழுவது வழக்கமாகிவிட்டது. எழுந்ததும் டீ, பிறகு செல்போன், பிறகு சோறு, பிறகு செல்போன். குளியல் மட்டும் ஒத்திப்போட்டுக்கொண்டே போகும். என் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதைவிட மற்றவர்கள் முகத்தைச் செல்போனில் பார்த்ததுதான் அதிகம். அம்மா கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு எந்நேரமும் என் அறை வாசலில் நின்று எதையாவது சொல்ல ஆரம்பித்தார்.

பண்ணையில் கோழிகளுக்கு விளக்குப் போடவும் அணைக்கவும் நேரம் உண்டு. அப்பா ஒருநாள் சாப்பிடும்போது, "ஷெட்டுல லைட்டு அமத்தினா அத்தன கோழியும் கம்முனு படுத்துக்குது. ஊட்டுக்குள்ள ஒண்ணு மட்டும் அடங்க மாட்டேங்குது சாமி" என்றார். கோழிகளுக்கு இன்டர்னல் தேர்வு கிடையாதுங்கப்பா என்றேன். அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

ஆன்லைன் வகுப்புகள் தொடங்கின. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. முட்டைக் கிடங்குக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஓரளவு வரும். அங்கே இருந்துதான் மூன்றாம் ஆண்டு வேதியியல் படித்தேன். ஆய்வகச் சோதனைகளை ஆசிரியர் தன் வீட்டுச் சமையலறை மேடையில் செய்துகாட்டுவார். குடுவையில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே, இப்போது நிறம் மாறப்போகிறது, கவனியுங்கள் என்பார். படம் அப்படியே உறைந்துவிடும். திரும்ப வரும்போது குடுவை இளஞ்சிவப்பாக இருக்கும், பார்த்தீர்களா என்று கேட்பார். பார்த்தோம் சார் என்று எல்லாரும் ஒரே மாதிரி தட்டச்சு செய்வோம்.

ஒருநாள் என்னைக் கேள்வி கேட்டார்கள். மைக்கைத் திறந்த நொடியில் ஷெட்டிலிருந்து அத்தனை கோழியும் சேர்ந்து கத்தியது. ஆசிரியர், ஏம்மா, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள் என்றார். அன்றிலிருந்து வகுப்பில் எனக்குப் 'பண்ணை' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரை வைத்ததும் என் தோழிதான்.

அவள் மோகனூரிலிருந்து விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆசிரியர்களின் படங்களை வெட்டி ஒட்டிச் சிரிப்புப் படங்கள் செய்வாள். வகுப்புக் குழுவில் யாராவது சோகமாக எதையாவது போட்டால் அடுத்த நிமிடம் அவள் ஏதாவது கோமாளித்தனம் செய்து அதைக் கீழே தள்ளிவிடுவாள். எங்கள் துறையில் ஒரு மேடம், பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்களின் பழக்கவழக்கமும் மனநிலையும் என்று ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். கேள்விகளை எங்களுக்கும் அனுப்பினார். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், உடற்பயிற்சி செய்கிறீர்களா, காய்கறி சாப்பிடுகிறீர்களா, மனம் சோர்ந்திருக்கிறதா. நாங்கள் இருவரும் போனில் பேசிக்கொண்டே அதை நிரப்பினோம். நிரப்பினோம் என்பதைவிட அளந்துவிட்டோம் என்பது சரியாக இருக்கும். எட்டு மணி நேரத் தூக்கம், தினமும் யோகா, கீரை, பழம், மனம் பளிங்கு மாதிரி. அந்த ஆய்வின் முடிவைப் படித்தவர்கள் சேலம், நாமக்கல் பெண்களைப் போல ஆரோக்கியமானவர்கள் உலகத்திலேயே இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது எனக்கே ஒன்றும் சரியில்லை. ஒருநாள் சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. தோசை நன்றாகத்தான் வந்தது. அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தோசையை ஊற்றினேன், திரும்பவும் வந்தது. வெங்காயம் என்று அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு வெங்காயம் அரியவே இல்லை. தேர்வு உண்டு என்பார்கள், இல்லை என்பார்கள், திரும்பவும் உண்டு என்பார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் நெஞ்சு படபடக்கும். புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? தோழியிடம் சொல்லலாம் என்று தோன்றும். ஆனால் அவள் அவ்வளவு கலகலப்பாக இருக்கும்போது நாம் போய் மூக்கைச் சிந்துவானேன் என்று விட்டுவிடுவேன்.

பிறகு அவளிடமிருந்து செய்திகள் குறைந்தன. ஏன் என்று கேட்டால் கரும்பு வேலை என்றாள். ஆள் கிடைக்கவில்லை, வீட்டோடு எல்லாரும் காட்டில்தான் கிடக்கிறோம், சாயங்காலம் பேசுகிறேன் என்றாள். சாயங்காலம் பேசமாட்டாள். ஆனால் வகுப்பில் அவள் பெயர் தினமும் இருந்தது. காலையில் முதல் ஆளாக உள்ளே வந்துவிடுவாள். வருகைப் பதிவில் ஒருநாள்கூட விடுபடவில்லை. கரும்புக் காட்டிலிருந்தே வகுப்பைக் கேட்கிறாள் போல, கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மதியம் அவளுடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அவள் அம்மா. சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, காலேசுல என்னேரமும் பாடம் நடத்தறாங்களா? பொழுதுக்கும் ரூமைச் சாத்திக்கிட்டே கெடக்கறா. சோத்துக்குக் கூப்புட்டா கிளாசு நடக்குதுங்கறா. காட்டுப்பக்கம் எட்டிப்பாத்து எத்தன நாளாச்சுன்னே தெரியலீங்க."

நான் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன். எங்களிடம் கரும்பு என்கிறாள், வீட்டில் வகுப்பு என்கிறாள். இரண்டு இடத்திலும் அவள் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாத்திய அறையில் படுத்திருக்கிறாள். வகுப்பு தினம் மதியத்தோடு முடிந்துவிடும் என்பதைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் அவளுக்கு வீட்டில் ஏச்சு விழும். நான் நேரில் வந்து பார்க்கிறேனுங்க என்று மட்டும் சொன்னேன். சொன்ன பிறகுதான் எப்படிப் போவது என்ற யோசனை வந்தது. அப்போது பஸ் கிடையாது. என்னை ஸ்கூட்டரில் தனியாக அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டார்கள். ஓடிக்கொண்டிருந்தது எங்கள் முட்டை வண்டி மட்டும்தான். டிரைவர் ஆத்தூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போனவர் திரும்பாததால் அப்பாவே ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவிடம் கேட்டேன். முதலில் முடியாது என்றார். நோய் எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஊர் ஊராகப் போய்வருகிற வண்டியில் பெண்பிள்ளை எதற்கு என்றார். அம்மா உள்ளே இருந்து வந்தார். அந்தப் பெண் இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். மோகனூரில் மளிகைக் கடைக்காரர் ஒருவர் முட்டை கேட்டுக்கொண்டிருக்கிறாரே, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டார். அப்பா யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை கிளம்பினோம். எத்தனையோ மாதம் கழித்து நெடுஞ்சாலையைப் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் மூடிக்கிடந்தன, பாதி கட்டிய லாரிகள் எலும்புக்கூடாக வரிசையில் நின்றன. மோகனூருக்குள் நுழைகிற இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். என்ன சரக்கு என்று கேட்டார்.

"முட்டைங்க."

அவர் என் பக்கம் குனிந்து பார்த்தார். "இது?"

"இது முட்டையை எண்ணறதுக்குங்க," என்றார் அப்பா. போலீஸ்காரர் முகமூடிக்குள் சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. போகச் சொல்லிவிட்டார். அப்பா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச தூரம் போனதும், அவராகவே, முட்டை எண்ணத்தான் போகிறாய், கடையில் இறக்கும்போது எண்ணிக்கொடு என்றார்.

தோழியின் வீடு ஊரின் விளிம்பில் வாழைத்தோட்டத்தை ஒட்டி இருந்தது. அவள் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே வாங்க என்று கையைப் பிடிக்க வந்தார். அப்பா தடுத்தார். நாங்கள் கடை கடையாகப் போகிறவர்கள், வீட்டுக்குள் வேண்டாமுங்க, பிள்ளை வெளியிலேயே நின்று பேசட்டும் என்றார். அதனால் வீட்டைச் சுற்றிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனேன். அவளுடைய அறை ஜன்னல் அங்கேதான். சாத்தியிருந்தது. தட்டினேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு கதவு மட்டும் திறந்தது.

எனக்கு அவளை அடையாளம் தெரிந்தது, ஆனால் ஒரு நொடி ஆனது. கன்னம் ஒட்டியிருந்தது. தலை சிக்குப்பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், என் முகமூடியைப் பார்த்தாள், வாசல் பக்கம் நின்ற வண்டியைப் பார்த்தாள்.

"ஏ பண்ணை. முட்டை கொண்டாந்தியா?"

குரல் மட்டும் பழைய குரல். கொண்டாந்தேன் என்றேன். கொட்டகையில் எருமை ஒன்று அசைபோட்டுக்கொண்டு என்னையே பார்த்தது. வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. கரும்பு வெட்டியாச்சா என்று கேட்டுவைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்களைத்தான் என்னால் பார்க்க முடிந்தது.

"எனக்கு ஒண்ணுமே ஆகல புள்ள," என்றாள். "அதுதான் யாருகிட்டயும் சொல்லத் தெரியல. ஊர்ல ஒவ்வொருத்தர் ஊட்லயும் என்னென்னவோ நடக்குது. எங்கூட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்கறாங்க. சோறு இருக்குது, காடு இருக்குது. எனக்கு மட்டும் என்ன கேடு?"

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். காலையில் கண் விழித்ததும் பயம் வருகிறதாம். எதற்கு என்று தெரியாதாம். வகுப்பில் நுழைந்துவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவாளாம். எங்களுக்குச் சிரிப்புப் படம் செய்து அனுப்பும் அந்த ஐந்து நிமிடம் மட்டும் பழையபடி இருப்பது போலத் தோன்றுமாம், அப்புறம் அதுவும் முடியாமல் போய்விட்டதாம். கடைசியில் ரொம்ப மெதுவாக, "காலைல எந்திரிக்காமயே போயிட்டாக்கூடப் பரவால்லன்னு தோணுது" என்றாள்.

அப்படியெல்லாம் நினைக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் நினைக்கிறாள் என்றுதானே சொல்கிறாள். அதனால் எனக்கு உண்மையாகத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் சொன்னேன். எனக்கு தோசைக்கல்லு முன்னால நின்னா அழுவாச்சி வருது என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தோசைக்கா?"

"ஆமா. முட்டை தோசைக்கு இன்னும் எச்சா வருது."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். முகமூடிக்குள் அழுவது பெரிய தொல்லை, மூக்கும் துடைக்க முடியாது, கழற்றவும் பயம். அவள் தன் துப்பட்டாவை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள். நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற நினைப்பெல்லாம் அப்போது வரவில்லை.

டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். போகலாம், ஆனால் அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வராது, நீயே சொல்லு என்றாள். ஏதாவது மறைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், எல்லாத்தையும் சொல்லிவிடு என்றாள்.

அவள் அம்மா வாசலில் என் அப்பாவுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். வார்த்தைகள் தடுக்கித் தடுக்கித்தான் வந்தன. எழாமலே போய்விட்டால் என்று அவள் சொன்னதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்த அம்மா செம்பைக் கீழே வைத்தார். அவர் கத்துவார், அல்லது என் மகளுக்கா, அதெல்லாம் ஒன்றுமில்லை என்பார் என்று பயந்துகொண்டிருந்தேன்.

"திருநீறு போட்டுக் கூட்டியாரலாம்னுதான் ரோசிச்சிட்டிருந்தனுங்க," என்றார். "இது காய்ச்சலாட்டங்களா அம்மிணி? மருந்து மாத்திர இருக்குதுங்களா?"

இருக்குதுங்கம்மா என்றேன். எனக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

"அப்பறமென்ன. போலாமுங்க."

என் அப்பா மோரைக் குடித்து முடித்துவிட்டு, வண்டி எப்படியும் நாமக்கல் வழியாகத்தான் திரும்புகிறது என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. கடைக்குப் போய் முட்டையை இறக்கிவிட்டு வந்தோம். சொன்னபடி நான்தான் எண்ணிக்கொடுத்தேன். அதற்குள் தோழி தலையைக் கட்டிக்கொண்டு, சுருங்கிய சுடிதாரோடு வாசலில் நின்றிருந்தாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். அவளும் அவள் அம்மாவும் முன்னால் அப்பாவோடு நெருக்கி உட்கார்ந்தார்கள். நான் பின்னால் காலி அட்டைகளோடு உட்கார்ந்தேன். காலையில் நிறுத்திய அதே போலீஸ்காரர் திரும்பவும் நின்றுகொண்டிருந்தார். முன்னால் பார்த்தார், பின்னால் வந்து என்னைப் பார்த்தார். எண்ணறவங்க அதிகமாயிட்டாங்க போல என்றார். தடுக்கவில்லை.

நாமக்கல்லில் மனநல டாக்டரம்மா ஒருவர் இருப்பதாக, நான் கடையிலிருந்து போனில் சொன்னதைக் கேட்டு எங்கள் அம்மா அதற்குள் நாலு பேரிடம் விசாரித்து வைத்திருந்தார். டாக்டரம்மா கண்ணாடி மாதிரி ஒரு மறைப்பை முகத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோழி உள்ளே ரொம்ப நேரம் இருந்தாள். பிறகு அவள் அம்மாவைத் தனியாக அழைத்துப் பேசினார்கள். வெளியே வந்தபோது தோழியின் கையில் மாத்திரைப் பொட்டலம் இருந்தது. என்ன கேட்டார்கள் என்றேன்.

"எப்ப தூங்கற, எப்ப சாப்புடற, குளிச்சியான்னு கேட்டாங்க," என்றாள். "இதையேதான் எங்கம்மா தெனமும் கேக்குது. அதுக்கு வைவேன். இவங்க கேட்டா அழுவாச்சி வருது."

மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் தூக்கம் தூக்கமாக வரும், அவளைத் தனியாக விடவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். வாரம் ஒருமுறை போனில் பேசச் சொன்னார்கள். தினம் ஒரே நேரத்துக்கு எழுந்து கொஞ்சம் நடக்கவும் சொன்னார்கள். நடப்பதற்கு அவளால் தனியாக எழ முடியாது என்று எனக்குத் தெரியும். என்னாலும் முடியாது. அதனால் இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடப்பது என்று, அப்பா அவர்களைத் திரும்ப மோகனூரில் விடப்போனபோது வண்டியின் பின்னால் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்தோம்.

முதல் வாரம் கொடுமையாக இருந்தது. அத்தனை மாதம் விடியலில் படுத்த கண் விடியலில் திறக்க மறுத்தது. நான் ஷெட்டுகளுக்கு நடுவில் உள்ள மண் பாதையில் கால் தடுக்கிக்கொண்டு நடப்பேன். அவள் அங்கே வாய்க்கால் கரையில் அவள் அம்மா பின்தொடர நடப்பாள். சில நாள் அவள் ஒரு வார்த்தையும் பேசமாட்டாள். மூச்சு வாங்கும் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும் கேட்கும். நான் அன்றைக்கு எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்தியது என்று சொல்லிக்கொண்டே போவேன். பிறகு ஒருநாள் அவளாகவே, வாய்க்காலில் குளிக்கிற ஒருவர் தினமும் சோப்பைத் தவறவிட்டுவிட்டுத் தண்ணீரைத் திட்டுவதைப் பேசிக்காட்டினாள். வார்டனுக்குப் பிறகு அவள் பேசிக்காட்டிய முதல் ஆள் அவர்தான். நான் ஷெட் ஓரத்தில் நின்று அவ்வளவு சத்தமாகச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புதான் வினையாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் சித்தி முறையுள்ள ஒருவர் இருக்கிறார். உங்கள் பெண் காலங்காத்தாலே யாரோடோ போனில் குலாவிக்கொண்டு திரிகிறாள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். எங்கள் நடையைப் பற்றி அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. சொல்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் திடீரென்று சீக்கிரம் தூங்குகிற, சீக்கிரம் எழுகிற, தலைவாரிப் பின்னிக்கொள்கிற, குளிக்கிற மகளை அம்மாவும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒருநாள் காலை ஷெட் மூலையில் மறைந்து நின்று, நான் வந்ததும் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

"யாருடா நீ?" என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "அம்மா, நாந்தானுங்க. மோகனூருங்க."

அம்மாவின் முகத்தில் நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவளோடு பேச ஆரம்பித்தவர் போனைத் திருப்பித் தரவில்லை. பேசிக்கொண்டே நடந்தார். மூன்றாவது ஷெட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். நான் பின்னாலேயே போனேன். மறுநாள் எழுந்து வந்து பார்த்தால் அம்மா செருப்புப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். அதன் பிறகு ஸ்பீக்கரில் போட்டு நான்கு பேர் நடந்தோம், இங்கே இரண்டு பேர், அங்கே இரண்டு பேர். அம்மாக்கள் இருவரும் குழம்பு, முழங்கால்வலி, கல்யாணச் செய்தி என்று பேசிக்கொள்வார்கள். எங்களுக்குப் பேச இடமே கிடைக்காது.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். இல்லை. கொஞ்சம் தேறியதும் அவள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள். மழைக்காலத்தில் திரும்பவும் பழைய அறை, சாத்திய கதவு. அந்த முறை அவள் அம்மா எனக்குப் போன் செய்யவில்லை, நேரே டாக்டரம்மாவுக்குச் செய்துவிட்டார். திட்டாமல் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்களாம். அந்த ஆண்டுத் தேர்வில் ஒரு தாளை அவள் எழுதவே இல்லை. அடுத்த ஆண்டு எழுதித் தேறினாள். எனக்கு மருந்து தேவைப்படவில்லை. ஆனால் டாக்டரம்மாவிடம் நானும் ஒருமுறை போய், தோசை விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

இப்போது அவள் ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். மாத்திரையை டாக்டரே படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார். நான் நாமக்கல்லில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற தை மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் பஜ்ஜியைக் கையில் எடுக்கும் முன்பே அவள் அம்மா, என் பிள்ளைக்கு நடுவில் மனசுக்குச் சரியில்லாமல் இருந்தது, டாக்டரிடம் காட்டினோம், இப்போது தேவலை, தெரிந்துகொண்டு பேசுங்கள் என்று சபையில் சொல்லிவிட்டாராம். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்களாம்.

அன்றைக்கு மதியமே எனக்குப் போன் வந்தது. அவள் அழுகிறாளோ என்று பதற்றத்தோடு எடுத்தேன். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினாள்.

"போயிட்டாங்க புள்ள. மாப்பிள்ளையும் அவ்வளவு ஒண்ணுமில்ல, சட்டைல பட்டன் மாத்திப் போட்டிருந்தான். அம்மாவுக்கு நான் சண்டைபோடுவேன்னு பயம். எனக்கு என்னமோ காத்தோட்டமா இருக்குது."

பிறகு, தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜி மிச்சம் கிடக்கிறது, ஆறிப்போகும், உடனே கிளம்பி வா என்றாள். அன்றைக்குப் பள்ளி விடுமுறை. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மோகனூருக்குக் கிளம்பினேன்.